தள்ளுபடிக் கடிகாரமும் என் தலைமுடியும்

இரண்டு பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மூன்றாவதாக ஒரு சொற்பொழிவைத் தேர்ந்தெடுப்பார். இஃது எங்கள் இனத்தாரைப் பற்றிய பொது உண்மை. அச்சொற்பொழிவு முடிந்தபின், உடன் வந்தவர்கள் எதனை வேண்டாம் என்றார்களோ அதனையே வாங்கிக்கொண்டு நிறைவோடு வீடு திரும்புவார். இஃது என்னைப் பற்றிய தனி உண்மை. திருப்பதிக் கடையொன்றில் திறன்கடிகாரம் வாங்கிய அன்று இவ்விரண்டும் ஒருங்கே மெய்ப்பட்டன.

திறன்கடிகாரம் என்பது என் சொல். எங்கள் வீட்டில் அதன் பெயர் ‘வாட்ச்’. சித்தூரில் பணிக்காலம் முழுவதும் தமிழ் கற்பித்தவன் நான். என் வீட்டாரைத் தவிர எல்லார்க்கும் கற்பித்தேன் என்று என் மனைவி கோமதி சொல்வாள். மகளுக்குச் செந்தாமரை என்று பெயரிட்டு, ‘அப்பா’ என்று அழைக்கப் பழக்கினேன். தெரு அவளை ‘நைனா’ என்று அழைக்கப் பழக்கியது. தெருவே வென்றது.

என்னிடம் அப்போது குறையின்றி எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, என் தலைமுடி. பற்களில் சில விடைபெற்றிருந்தன. முழங்கால்கள் எழும்போதும் அமரும்போதும் தனித்தனியே கருத்துரைத்தன. முடி மட்டும் வெள்ளிக் கம்பி போல் அடர்ந்து, பின்னோக்கி வாரினால் பிடரி வரை படிந்து நிற்கும். விழா மேடைகளில் என் உரையை மறந்தவர்களும் என் தலையை மறந்ததில்லை. ஆண்டுதோறும் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறுகிறவன், ஒருமுறையேனும் முடி காணிக்கை செலுத்தியதில்லை. (“பெருமாளுக்கே குடுக்காத முடிய யாருக்கு எடுத்து வெச்சிக்கினு கீறீங்க?” என்று கோமதி கேட்பதுண்டு. நான் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.)

இடர்ப்பாடு சித்தூர்க் காய்கறிச் சந்தையில் தொடங்கியது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தலை சுற்றியது. கத்தரிக்காய்க் கூடையின் மீதே அமர்ந்துவிட்டேன். காலையில் உண்ணாமல் சென்றதுதான் காரணம் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். கோமதியின் தீர்ப்பு வேறாக இருந்தது.

“இனிமே மலையும் வேணா, படியும் வேணா. கீழ இருந்தே கும்பிடுங்க. அவருக்கு இன்னா கண்ணு தெரியாதா?”

எனக்கு உலகில் வேறு கொண்டாட்டங்கள் இல்லை. சீட்டு ஆடேன், திரைப்படம் பாரேன். ஆண்டுக்கு ஒருமுறை என் நண்பர் நாகராஜுவோடு மலையேறுவதே என் ஒரே ஊதாரித்தனம். பால்பண்ணையில் எழுத்தராய் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். வாத்தியார் என்னும் பொருளில் என்னைப் ‘பந்துலு’ என்று அழைப்பவர். மலை இல்லையென்றால் எங்களுக்குப் பேசிக்கொள்ளப் பொருளே இல்லை. சென்ற ஏற்றத்தைப் பற்றி ஆறு திங்கள், அடுத்த ஏற்றத்தைப் பற்றி ஆறு திங்கள் என்றுதான் எங்கள் நட்பு நடந்துவந்தது. ஆகவே நான் கோமதியிடம் மன்றாடினேன். (உண்மையில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தலைசுற்றலுக்கு அது நல்லதல்ல என்பது பிறகே தோன்றியது.)

மகள்தான் ஒரு வழி கண்டாள். அவள் கணவர் முரளியோடு திருப்பதியில் குடியிருக்கிறாள். தொலைபேசியில் சொன்னாள்:

“நைனா, நீ ஏறு. ஆனா வாட்ச் கட்டிக்கினு ஏறு. இப்போ வர்ற வாட்ச்ல, நீ எங்கனா விழுந்தா அதுவே எங்க போனுக்குச் சொல்லிடும். அம்மாவும் நிம்மதியா இருக்கும்.”

கோமதி நெடுநேரம் எண்ணிப்பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். “சொல்லணும். சொல்லாத வாட்சக் கட்டிக்கினு போனீங்கன்னா, இதான் கடைசி மலை. ஆமா.”

இவ்வாறு என் மலையேற்றம் ஒரு கடிகாரத்தின் வாய்மையைப் பொறுத்ததாயிற்று.

மறுவாரமே கோமதியும் நானும் மகள் வீட்டுக்குச் சென்றோம். முரளி எங்களைக் கடைக்கு அழைத்துச் சென்றார். ரேணிகுண்டாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பிரிவில் பணியாற்றுகிறவர். எதையும் ஆராயாமல் வாங்காதவர். அன்றும் ஆராய்ந்துவிட்டே வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டியின் நடுவே விளக்கொளியில் புதிய மாதிரி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. மூலையில், விளக்கு எட்டாத இடத்தில், அதற்கு முந்தைய மாதிரி கிடந்தது. அதன் கழுத்தில் ‘பாதி விலை’ என்று ஓர் அட்டை தொங்கியது.

“மாமா, புதுசையே எடுத்துக்கலாம்,” என்றார் முரளி. “பழசு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல அதுக்கு அப்டேட்டே வராது.”

“எனக்கே அப்டேட் வந்து பல ஆண்டுகள் ஆயின, மாப்பிள்ளை,” என்றேன். கடைப்பெண் சிரித்தாள். என் சொற்பொழிவுக்குத் தோற்றுவாய் அமைந்துவிட்டது.

அப்பெண் இரண்டையும் எடுத்து மேசைமீது வைத்தாள். “ரெண்டுமே கீழ விழுந்தா கண்டுபுடிக்கும், நெஞ்சு வேகமா அடிச்சாலும் கண்டுபுடிக்கும் சார். வித்தியாசம் இன்னான்னா, பழசு முதல்ல கையில டுர்ர்னு ஒரு அதிர்வு குடுக்கும். நல்லாகீறேன்னு நீங்க அதத் தட்டணும். தட்டலைன்னா வீட்டுக்கு மெசேஜ் போயிடும். புதுசு அப்பிடி இல்ல. வாயத் தொறந்து சத்தமா கேக்கும். நீங்க பதில் சொல்ற வரைக்கும் விடாது.”

“பேசும் கடிகாரம் எனக்கு வேண்டா அம்மா. வீட்டில் ஏற்கெனவே…”

“ஏற்கெனவே?” என்றாள் பின்னால் நின்ற கோமதி.

“ஏற்கெனவே வானொலி இருக்கிறது.”

கடைப்பெண் இரண்டாவது வேறுபாட்டையும் சொன்னாள். புதியதற்குத் தனியே சிம் உண்டு. கைப்பேசி அருகில் இல்லாவிட்டாலும் தானே செய்தி அனுப்பும், தானே பேசும். பழையதற்குக் கைப்பேசி கூடவே இருக்க வேண்டும்.

“கூடத்தானே இருக்கப்போகிறது,” என்றேன்.

பிறகுதான் முதன்மையான உரையைத் தொடங்கினேன். நூலொன்றின் புதுப் பதிப்பை எவரும் உடனே நம்புவதில்லை என்றேன். அச்சுப்பிழை எங்கெங்கே உள்ளதென்று எவருக்கும் தெரியாது. பழைய பதிப்பின் பிழைகளோ உலகறிந்தவை; பலர் படித்து, பலர் சுட்டிக்காட்டி, உறுதிப்பட்டவை. தெரிந்த பிழையோடு வாழலாம். தெரியாத பிழையோடு வாழ்வது இடர். ஆதலின் அறிவுடையோர் பழைய பதிப்பையே நாடுவர். கடிகாரத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

“அந்தப் பிழையெல்லாம் திருத்தித்தான மாமா புதுசு விடறாங்க?” என்றார் முரளி, தாழ்ந்த குரலில்.

அது எனக்குக் கேட்கவில்லை. (கேட்டது.)

உண்மைக் காரணம் வேறு. மூலையில் கிடந்த அக்கடிகாரத்தைப் பார்த்தபோது எனக்கு ஏதோ ஓர் உறவு தோன்றியது. இரண்டாண்டுகளுக்கு முன் அதுவும் நடுவிலே, விளக்கின்கீழ், சுழன்றுகொண்டுதான் இருந்திருக்கும். இன்று விலையைப் பாதியாக்கி மூலையில் கிடத்திவிட்டார்கள். பணிநிறைவு விழாவுக்கு மறுநாள் நான் பள்ளிக்குச் சென்றபோது என் நாற்காலி எங்கே கிடந்ததென்று நினைவுக்கு வந்தது. இதனை வாங்காமல் போனால் எனக்கே நான் இரண்டகம் செய்தவனாவேன் என்று பட்டது.

“பழசையே குடும்மா. இவரு இனிமே மாற மாட்டாரு,” என்றாள் கோமதி. கடைப்பெண் கொட்டாவியை மறைத்துக்கொண்டு பழையதைக் கட்டினாள்.

வீட்டில் முரளி அதனை என் கைப்பேசியோடு இணைத்தார். நான் விழுந்தால் செய்தி போகவேண்டிய எண்கள் மூன்று: கோமதி, செந்தாமரை, முரளி. “ஒருவாட்டி சோஃபா மேல பொத்துனு விழுந்து பாருங்க மாமா. வேலை செய்யுதான்னு செக் பண்ணிடலாம்,” என்றார். மருமகன் முன்னே சோஃபாவில் பொத்தென்று விழுவது மாமனாருக்கு அழகன்று என்பதால் மறுத்துவிட்டேன். நான் விழக் காத்திருந்த இடம் அதனினும் உயர்ந்தது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் விடியலில் முரளி என்னை அலிபிரியில் இறக்கிவிட்டார். நாகராஜு சித்தூரிலிருந்து முதல் பேருந்தில் வந்து காத்திருந்தார். “மாமா, போன் கூடவே இருக்கணும்,” என்று முரளி மும்முறை சொல்லிவிட்டுச் சென்றார்.

அடிவாரத்து மண்டபத்தில் முதலில் நெடுஞ்சாண்கிடையாக வணங்கிவிட்டே படியேறுவது எங்கள் வழக்கம். இடையூறு வேண்டா என்று எங்கள் இருவர் கைப்பேசிகளையும் ஓசை எழாதபடி அடக்கினேன். என் கண்ணாடியையும் கைப்பேசியையும் மஞ்சள் பையில் வைத்தேன். பையை அருகில் வைத்தேன். என் வணக்கமுறையை இங்கே விளக்கியாக வேண்டும். முழங்கால் வலி வந்தபின் என்னால் மெல்லப் படிந்து வணங்க இயலுவதில்லை. பாதி வரை நானே இறங்குவேன். மீதிப் பாதியைப் புவியீர்ப்பிடம் ஒப்படைத்துவிடுவேன். அன்றும் அவ்வாறே செய்தேன். இரு கைகளும் கருங்கல்லில் அறைந்து விரிந்தன. அங்கேயே கிடந்தவாறு எனக்குத் தெரிந்த பாசுரங்களை மனத்துக்குள் சொல்லத் தொடங்கினேன். எனக்கு நிறையத் தெரியும்.

இரண்டாம் பாசுரத்தில் என் இடக்கையில் ஒரு நடுக்கம் எழுந்தது. மணிக்கட்டில் தோன்றி முழங்கை வரை பரவியது. ஓய்ந்தது, மீண்டும் எழுந்தது. எத்தனையோ ஆண்டுகள் இங்கே வணங்கியிருக்கிறேன். ஒருநாளும் இப்படி நேர்ந்ததில்லை. அருள் என்று நூல்கள் கூறுவது இதுதான் என்று உணர்ந்தேன். கண்ணில் நீர் கசிந்தது. நடுக்கம் அடங்கும்வரை அசையாமல் கிடந்தேன்.

“ஏமய்யா பந்துலு, தூங்கிட்டியா?” என்றார் நாகராஜு.

அவர் கையைப் பற்றி எழுந்தேன். “நாகராஜு, மெய் சிலிர்த்தது. இந்தக் கை முழுவதும் நடுங்கியது,” என்றேன்.

அவர் முகம் வாடியது. “நிஜமாவா? எனக்கு வரலையே! உன்னவிட ஜாஸ்தி தடவ வந்துக்கினு கீறேன் நானு.” அவர் மறுபடியும் கீழே படுத்து, இரு கைகளையும் நீட்டிச் சற்று நேரம் காத்திருந்தார். ஒன்றும் நிகழவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, “அதிருஷ்டம் வேணும்,” என்றார். அவரைத் தேற்றினேன், உள்ளூரப் பெருமிதமாக இருந்தது.

கடிகார முகத்தில் சிவப்பாக ஏதோ எழுத்து ஒளிர்வதைக் கண்டேன். கண்ணாடி பையில் இருந்தது. நற்செய்தியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் அறிவின் உச்சம். நடந்து ஏறுகிறவர்களின் பைகளை அலிபிரியிலேயே வாங்கிக்கொண்டு, சீட்டு ஒன்று தந்து, வண்டியில் மேலே கொண்டுபோய் வைத்திருப்பார்கள். மாற்றுவேட்டி, துண்டு, கோமதி கட்டித்தந்த புளியோதரை, கண்ணாடி, கைப்பேசி எல்லாம் அடங்கிய மஞ்சள் பை நல்ல கனம். அதனை ஒப்படைக்க வரிசையில் நின்றபோது முரளியின் சொல் நினைவுக்கு வந்தது. போன் கூடவே இருக்கணும். ஆனால் என் ஜிப்பாவின் பை கிழிந்திருந்தது. எண்ணிப்பார்த்தேன். நானும் மலைக்குத்தான் போகிறேன், கைப்பேசியும் மலைக்குத்தான் போகிறது. ஒரே மலையில் இருப்பதும் கூட இருப்பதுதானே? அதோடு, அருள் வரப்பெற்றவன் கைப்பேசியைச் சுமப்பதாவது!

“உம்முடையதையும் கொடும் நாகராஜு. இறைவனிடம் போகும்போது உலகத்தொடர்பு எதற்கு?” என்றேன். மெய்சிலிர்ப்பில் என்னிடம் தோற்றிருந்தவர், துறவிலாவது தோற்கக்கூடாது என்று உடனே தம் கைப்பேசியையும் என் பையில் போட்டார். பை வண்டியேறியது. நாங்கள் படியேறினோம்.

அன்றைய ஏற்றம் மிக இனிமையாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும். காற்று குளிர்ந்திருந்தது. முழங்கால்கள் வழக்கத்துக்கு மாறாக அமைதி காத்தன. நிழல் கண்ட இடத்தில் அமர்ந்தோம். யாரும் எங்களை அழைக்கவில்லை. “போன் இல்லாம எவ்ளோ சுகமா கீது பாத்தியா,” என்றார் நாகராஜு.

இனி, அதே நேரத்தில் மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதனை மூவரும் மூன்று விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொதுவானவற்றை மட்டும் தருகிறேன்.

கோமதி தோசைக்கல்லின் முன் நின்றாள். முரளி என்னை இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பி வந்து அமர்ந்திருந்தார். மூன்று கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. நான் பலமாகக் கீழே விழுந்துவிட்டதாகவும், கேட்டதற்கு மறுமொழி தரவில்லை என்றும் செய்தி. கீழே, அலிபிரியைக் காட்டும் வரைபடம். என்னை அழைத்தார்கள், எடுக்கவில்லை. நாகராஜுவை அழைத்தார்கள், எடுக்கவில்லை. முரளி சாவியைத் தேடும்போது, வரைபடத்தில் என்னைக் குறித்த நீலப் புள்ளி நகரத் தொடங்கியது.

“நகருது! நைனா நகருது!” என்று செந்தாமரை கத்தினாள்.

“நடக்கறாரா?” என்றாள் கோமதி.

முரளி உற்றுப் பார்த்தார். “நடை இல்ல அத்தை. ரொம்ப வேகமா போகுது. மலை ரோட்டுல மேல போகுது. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்கபோல.”

“கீழ இத்தினி ஆஸ்பத்திரி கீது. மேல எதுக்கு இட்டுனு போறாங்க?”

“மேலயும் ஆஸ்பத்திரி கீது அத்தை. நீங்க வண்டியில ஏறுங்க.”

தோசை கல்லிலேயே இருந்தது. (அடுப்பை அணைத்தது யார் என்பதில் இன்றுவரை தாய்க்கும் மகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.) மலைச்சாலைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையில் நின்றன. முன்னே, புள்ளி வளைவு வளைவாக ஏறிக்கொண்டே இருந்தது. அங்கேதான், வண்டியின் கண்ணாடியை இறக்கி, மலையைப் பார்த்துக் கைகூப்பி, கோமதி ஒரு சொல் சொன்னாள். அது என்ன சொல் என்பதைப் பிறகு கூறுகிறேன். எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

மேலே போனதும் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஓடினார்கள். அது மருத்துவமனை அன்று. பை வழங்கும் கூடம். கம்பித் தட்டில், உறவினர் திருமணத்தில் தந்த அந்த மஞ்சள் பை, மணமக்கள் பெயர்களோடு அமர்ந்திருந்தது. செந்தாமரை என் எண்ணை அழைத்தாள். பைக்குள்ளே ஓர் ஒளி எழுந்து அடங்கியது.

“அது எங்க அவரு பை. குடுங்க,” என்றாள் கோமதி.

“சீட்டு உண்டா அம்மா?” என்றார் கூடத்தில் இருந்தவர்.

“சீட்டு அவர்கிட்ட கீது.”

“அப்போ அவரு எங்க?”

அந்த எளிய வினா அவர்களை உலுக்கிவிட்டது. பை இங்கே, ஆள் எங்கே? செந்தாமரை அழத் தொடங்கினாள். கோமதி பையை விட்டு அகலமாட்டேன் என்று கம்பியைப் பற்றி நின்றாள். முரளி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, படிவழியே கீழ்நோக்கி ஓடினார். ஒவ்வொரு மண்டபத்திலும் படுத்திருந்தவர்களின் முகத்தையெல்லாம் குனிந்து பார்த்தவாறே ஓடியிருக்கிறார். உறக்கம் கலைந்த சிலர் தெலுங்கில் சொன்னவற்றை அவர் எங்களிடம் சொல்லவில்லை.

நாங்கள் அப்போது மான்கள் மேயும் வேலியோரத்தில் இருந்தோம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டுகளை ஆளுக்கொரு தாளில் வைத்திருந்தோம். எஞ்சியிருக்கும் பற்களைக் கொண்டு மாங்காயை எப்படி அணுகுவது என்று நான் நாகராஜுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒருவர் தலைதெறிக்க ஓடிவருவது தெரிந்தது. அருகில் வந்ததும் அடையாளம் கண்டேன்.

“வாருங்கள் மாப்பிள்ளை! தாங்களும் நடைப்பயணமா?” என்றேன். ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

முரளி மூச்சு வாங்க நின்றார். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மாங்காயைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து மகளை அழைத்துச் சொன்ன வாசகம் எங்கள் குடும்பத்தில் நிலைபெற்றுவிட்டது:

“கிடைச்சிட்டாரு. ஒண்ணும் ஆகல. மாங்கா துன்னுகினு கீறாரு.”

நடந்ததை அவர் படிக்கட்டில் அமர்ந்தே சொன்னார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அதிர்வு கொடுக்கும், தட்டலைன்னா மெசேஜ் போயிடும் என்னும் இடம் வந்தபோது, நாகராஜு மெதுவாகத் திரும்பி என் இடக்கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“பந்துலு,” என்றார். “அது சாமி இல்லையா? வாட்சா?”

நான் மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதான பாத்தேன்!” அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத ஒளி வந்தது. “உனக்கு மட்டும் எப்பிடி வரும்னு மலை பூரா யோசிச்சுக்கினு வந்தேன்யா!” மீதிப் படிகளை அவர் இளைஞரைப் போல் ஏறினார்.

மேலே சென்றபோது கோமதி இன்னும் அந்தக் கம்பியைப் பற்றியவாறே நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. வசவுக்கு அணியமாகவே சென்றேன். அவளோ என் கைகளைப் பற்றினாள். கடிகாரம் கட்டிய கையை விட்டுவிட்டு, மறு கையின் மணிக்கட்டில் விரல் வைத்து, நாடி ஓடுகிறதா என்று தானே பார்த்தாள். அவள் விரல்கள் நடுங்கின. இந்த நடுக்கத்தை நான் தவறாக உணரவில்லை.

நாடி பார்த்து முடிந்ததும் அவள் பார்வை என் கண்ணிலிருந்து சற்று மேலே ஏறியது. மகளும் அங்கேயே பார்த்தாள். முரளி வேறு திசையில் பார்த்தார்.

“இன்னா எல்லாரும் என் தலையையே பாக்கறீங்க?” என்றேன். (அச்சத்தில் எனக்கும் ஊர்த்தமிழ் வரும் என்பதை அன்று அறிந்தேன்.)

“வேண்டிக்கினேன்,” என்றாள் கோமதி. “நீங்க உசுரோட கிடைச்சா உங்க முடியக் குடுக்கறேன்னு.”

இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன். பிறகு முறையாகவே வாதிட்டேன். நேர்ந்துகொள்பவர் தம் உடைமையைத்தான் நேர்ந்துகொள்ள வேண்டும். பிறர் உடைமையை நேர்வது செல்லாது. மேலும், நான் விழவே இல்லை. விழாதவனைக் காத்ததற்கு நேர்ச்சை எப்படிப் பொருந்தும்? நாகராஜுவை நோக்கி, “நீர் சொல்லும்,” என்றேன்.

“மொக்குன்னா மொக்குதான் பந்துலு,” என்றார் அவர். மொக்கு என்பது அவர் மொழியில் நேர்த்திக்கடன். அவ்வளவு மகிழ்ச்சியோடு அச்சொல்லை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“ஏன், உன் முடியைத் தருவதாக வேண்டியிருக்கலாமே?” என்று கோமதியிடம் கேட்டேன்.

“தோணல. உங்களாண்ட கீறதுல உசத்தியானது எதுன்னு யோசிச்சேன். அதான் ஞாபகம் வந்துது.”

பையைத் திறந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

முடி எடுக்கும் மண்டபத்தில் தலையில் நீர் தெளித்து, கழுத்தைக் குனியவைத்தார்கள். கைப்பேசியை மகள் என்னிடமே திருப்பித் தந்திருந்தாள், இடுப்பில் செருகியிருந்தேன். நாவிதர் கத்தியைப் பிடரியில் வைத்தார். முதல் வெள்ளிக் கற்றை மடியில் விழுந்தது. அந்தக் கணத்தில் என் இடக்கை மீண்டும் நடுங்கியது. வெளியே காத்திருந்த மூவரின் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

“நைனாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு கீதாம்!” என்று செந்தாமரை வாசலிலிருந்து கத்தினாள். “மெசேஜ் வந்துகீது!”

“அடிக்கட்டும்,” என்றாள் கோமதி. “இப்போதான் அது சரியா வேலை செய்யுது.”

“ஆடாதீங்க சாமி,” என்றார் நாவிதர்.

சித்தூருக்குச் சந்தனம் பூசிய தலையோடு திரும்பினேன். எதிர்வீட்டார் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி வந்தார்கள்; கோமதி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். கடிகாரத்தை மாற்றிப் புதியதை வாங்கித் தருவதாகச் சொல்லி முரளி கடைக்குப் போனார். தள்ளுபடியில் விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது. கோயிலில் நான் வணங்கக் குனிந்தால் போதும், யாரேனும் ஒருவர் வந்து அதைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். அழைத்து நான் எடுக்காவிட்டால் இப்போது மகள் பதறுவதில்லை. தாயை அழைத்து, “விடும்மா, எங்கனா மாங்கா துன்னுகினு இருப்பாரு,” என்கிறாள். நாகராஜு தம் கையில் கொசு கடித்தாலும், “பந்துலு, எனக்கும் வந்துடுச்சு,” என்று சிலிர்த்துக் காட்டுகிறார்.

மலையேற்றத்துக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதில் கடிகாரத்துக்கு இடமில்லை. சென்ற வாரம் நாகராஜு, ஆண்டு முடியும்வரை பொறுக்காமல், வந்து நாள் குறிக்கக் கேட்டார். கோமதி என்னைச் சன்னலருகே அழைத்து நிறுத்தி, தலையில் விரல்விட்டு அளந்து பார்த்தாள். பெருவிரல் அளவுகூட வளரவில்லை.

“இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்ணா,” என்றாள் அவரிடம். “வேண்டிக்கறதுக்குக் கையில ஒண்ணும் இல்லாம இவர எப்பிடி மலைக்கு அனுப்பறது?”

நெல்லிக்காய்த் தைலத்தை இருவேளையும் தேய்த்து வருகிறேன்.